குருநகர் என்னும் ஐந்தெழுத்து: யுனிக்ஸ் அஞ்சற்பெட்டியில் தமிழ் மடல் தங்கிய வரலாறு

குருநகர் என்று எழுத ஐந்தெழுத்துப் போதும். கு, ரு, ந, க, ர். இந்த ஐந்தையும் ஒரு மின்மடலில் எழுதி அனுப்பினால், அது போய்ச் சேரும் வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும்? பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தால் 5 பைட்டு. திஸ்கியிலும் 5 பைட்டு. ஒருங்குறியின் யூ.ரி.எஃப்-8 வடிவத்தில் 24. அதே ஒருங்குறி மடல் பேஸ்64 என்ற உறைக்குள் போனால் 32. கோட்டட்-பிரின்டபிள் என்ற உறைக்குள் போனால் 72. ஒரே ஊரின் பெயருக்கு நான்கு அளவுகள். பழைய மடற்கோப்பு ஒன்றைத் திறந்து இந்தப் பெயரைத் தேடுபவர், தான் எந்த அளவைத் தேடுகிறார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் பெயர் கண் முன்னே கிடந்தாலும் கைக்கு அகப்படாது.

யுனிக்ஸும் அதன் வழிவந்த பி.எஸ்.டி., லினக்ஸ் முதலான இயங்குதளங்களும் மடல்களைச் சேமித்துவைத்த முறை எப்படி வளர்ந்தது, அந்த வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ் மடலுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சேமிப்பு முறைகள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தையும் பாதுகாப்பையுமே பேசுவார்கள். என் வாதம் வேறு. அந்தப் பெட்டிகள் தங்களிடம் தரப்பட்ட பைட்டுகளைப் பெரும்பாலும் விசுவாசமாகவே காத்தன. தொலைந்தது எழுத்தின் திறப்பு. பெட்டி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, எந்தத் திறப்பு என்று குறித்துவைத்த துண்டைத்தான் காணவில்லை.

குருநகரை மாதிரிச் சொல்லாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. கரையூர் என்று முன்பு வழங்கிய இந்தக் கடற்கரை ஊர், யாழ்ப்பாண நகரின் தென் விளிம்பில் கடனீரேரியைப் பார்த்தபடி இருக்கிறது. புனித யாகப்பர் ஆலயமும் இறங்குதுறையும் இதன் அடையாளங்கள். 1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் இவ்வூர் மீனவர் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13இல் யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. இப்படிச் சிதறிய ஊரொன்றின் கதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் எழுதப்பட்ட மடல்களில்தான் பாதி இருக்கும். அந்த மடல்கள் என்ன வடிவத்தில் கிடக்கின்றன என்ற கேள்வி, ஊரின் வரலாறு எழுத முனைபவருக்கு ஓலைச்சுவடியின் எழுத்து எந்த நூற்றாண்டுக்குரியது என்ற கேள்விக்கு ஒப்பானது.

பெட்டியின் பிறப்பு

1965இல் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், பலர் ஒரே கணினியை நேரம் பகிர்ந்து பயன்படுத்திய சி.ரி.எஸ்.எஸ். என்ற அமைப்பிலே ரொம் வான் விளெக்கும் நோயல் மொரிசும் 'மெயில்' என்ற கட்டளையை எழுதினார்கள். ஒருவர் எழுதியது, பெறுபவரின் அடைவிலுள்ள 'மெயில் பொக்ஸ்' என்ற கோப்பில் போய்ச் சேரும். மடல் எங்கும் பயணம் செய்யவில்லை. ஒரே வட்டில் ஒருவரின் அறையிலிருந்து மற்றவரின் அறைக்கு மாறியது, அவ்வளவுதான்.

1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதற் கையேட்டிலேயே 'மெயில்' கட்டளை இருக்கிறது. வாசகர் கட்டளையை இட்டதும், வந்த மடல்கள் திரையில் ஓடும். பின்னர் கணினி ஒரு கேள்வி கேட்கும்: சேமிக்கவா? ஆம் என்றால் அவை 'எம்பொக்ஸ்' என்ற கோப்பாகிவிடும், இல்லையென்றால் போய்விடும். இன்று ஒரு சேமிப்பு வடிவத்துக்கே பெயராகிவிட்ட எம்பொக்ஸ், தொடக்கத்தில் 'வைத்துக்கொள்ள விரும்பியவை' என்ற பொருளுடைய ஒரு தனிக் கோப்பின் பெயர். இந்தச் சிறிய உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. யுனிக்ஸ் மடல் சேமிப்பின் முதல் எண்ணம், எல்லாவற்றையும் அள்ளிவைப்பதல்ல, மனிதர் 'இது எனக்கு வேண்டும்' என்று சொன்னதை வைப்பது.

1979இல் வந்த ஏழாம் பதிப்பில் வரும் மடல்களுக்கென்று கணினியில் ஒரு பொதுவிடம் ஏற்பட்டது. ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலே ஒரு கோப்பு. புதிய மடல் வந்தால் அந்தக் கோப்பின் வாலில் ஒட்டப்படும். ஒரு மடல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை அறிய ஒரே ஓர் அடையாளம்: வெற்று வரி, அதன்பின் 'ஃபிரொம்' என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, அனுப்பியவர் பெயர், நாளும் நேரமும். நேரத்தில் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்புக்கூடக் கிடையாது. அட்டவணை இல்லை, பக்க எண் இல்லை, மொத்தம் எத்தனை மடல் என்ற கணக்கும் இல்லை.

இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் அது பிழைத்தது. நாற்பது ஆண்டு பழைய எம்பொக்ஸ் கோப்பை இன்று எந்தக் கணினியிலும் சாதாரண உரையாகத் திறந்து வாசிக்கலாம். எழுதிய மென்பொருள் செத்துப்போனாலும் கோப்பு சாகவில்லை. இந்த வடிவத்தை முறையாக விவரித்துப் பதிவுசெய்த ஆவணமோ 2005இல்தான் வந்தது, ஆர்.எஃப்.சி. 4155. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது எழுதாச் சட்டமாகவே நடந்தது.

1990

தெற்காசியாவுக்கு மின்மடல் வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் எர்நெற் திட்டம் 1986இல் தொடங்கியது. பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், டில்லியின் மின்னணுவியல் துறை ஆகியவை அதில் இணைந்தன. தொலைபேசியில் ஒரு கணினி மற்றதை அழைத்து, தேங்கிக்கிடந்த மடல்களைக் கைமாற்றிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1976இல் உருவாக்கிய யூ.யூ.சி.பி. என்ற முறை அதுதான். தொலைபேசிக் கம்பி எப்போதும் உயிரோடிருக்கத் தேவையில்லை, நாளுக்கு ஒருமுறை உயிர்பெற்றாற் போதும்.

இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று நடத்திய முயற்சியால், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மின்மடல் சேவை 1990இல் ஆரம்பமாயிற்று. நாட்டுக்கென்ற 'எல்கே' இணையப் பெயரும் அதே ஆண்டில் பதிவானது. அதே 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, தொலைபேசியும் நின்றது. நாளுக்கு ஒருமுறை உயிர்பெறக்கூடிய கம்பியும் இல்லை. தெற்கில் மடல் கம்பியேறிய ஆண்டில், குருநகரில் ஒரு குடும்பம் பிரிந்த பிள்ளையின் சுகம் அறியச் செஞ்சிலுவைக் குழுவின் திறந்த கடிதத்தை நம்பியிருந்தது. அதில் குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், எவரும் படிக்கக்கூடிய வகையில் ஒட்டாமலே கொடுக்க வேண்டும்.

ஆகவே தமிழ் மடலின் முதற் பத்தாண்டை ஊரில் தேடிப் பயனில்லை. அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் யுனிக்ஸ் கணினிகளில் நடந்தது. மாணவராகவோ பணியாளராகவோ அங்கே இருந்தவர்களின் பெயரில் பொது அடைவில் ஒரு கோப்பு இருந்தது.

'ஃபிரொம்' செய்த தொல்லை

எம்பொக்ஸின் எளிமைக்கு ஒரு விலை இருந்தது. மடலின் உள்ளே ஒரு பத்தி 'ஃபிரொம்' என்ற சொல்லோடு தொடங்கினால் என்ன ஆகும்? 'குருநகரிலிருந்து பாசையூர் வரை' என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினால் அந்தச் சொல்தானே முதலில் வரும்? கணினி அதைப் புதிய மடலின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மடல் இரண்டாக வெட்டுப்படும், இரண்டாவது பாதிக்கு அனுப்பியவரும் இல்லை, தலைப்பும் இல்லை.

இதைத் தடுக்க, அப்படியான வரிக்கு முன்னால் ஒரு கோணக்குறியைப் போட்டுச் சேமித்தார்கள். வெட்டு நின்றது. ஆனால் எழுதியவர் எழுதாத ஒரு குறி அவர் மடலில் நிரந்தரமாக ஏறிவிட்டது. வாசிக்கும்போது அதை நீக்கலாமே என்றால், எழுதியவரே வேறொருவரை மேற்கோள் காட்டி அந்தக் குறியைப் போட்டிருந்தால்? எது அவருடையது, எது கணினியுடையது என்று பிரிக்க வழியில்லை. 1995இல் ராகுல் தேசி சொன்ன தீர்வு நேர்த்தியானது: ஏற்கெனவே கோணக்குறி உள்ள வரிக்கும் இன்னொன்று சேர்த்துவிடு, வாசிக்கும்போது எல்லாவற்றிலும் ஒன்றைக் கழி. கூட்டியதைக் கழித்தால் முன்னிருந்தது கிடைக்கும். இந்த வகைக்கு எம்பொக்ஸ்-ஆர்.டி. என்று பெயர். யுனிக்ஸின் இன்னொரு கிளையான சிஸ்டம் ஃபைவ், மடலின் நீளத்தைத் தலைப்பிலேயே எழுதிவைத்து வேறு வழியில் போனது. அந்த எண்ணில் ஒரு பைட்டு பிழைத்தாலும் பின்வரும் மடல்களின் எல்லையெல்லாம் குழம்பும். இப்படி ஒரே பெயரில் நான்கு வகைகள் புழங்கின, எந்த வகை என்று கோப்பு தானாகச் சொல்லாது.

தமிழ் மடலை இந்தத் தொல்லை தீண்டியதா? இதைச் சோதிப்பது எளிது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் மிகப் பரவிய பாமினி எழுத்துரு, பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தது. பெரிய எஃப் தட்டினால் கு, சிறிய ஆர் தட்டினால் ச, ஓ என்றால் ழ, எம் என்றால் அ. ஆக 'ஃபிரொம்' என்ற ஆங்கிலச் சொல் பாமினியில் 'குசழஅ' ஆகும். தமிழில் அப்படியொரு சொல் வர முடியாது. சொல்லின் கடைசியில் அகரம் தனியே நிற்காது என்பது நம் மொழியின் இயல்பு. குருநகரும் பெரிய எஃப் எழுத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் அடுத்த எழுத்திலேயே பாதை பிரிந்துவிடுகிறது. தமிழின் சொல்லமைப்பே பாமினி மடல்களை அந்தக் கோணக்குறியிலிருந்து காத்தது. இதை யாரும் திட்டமிடவில்லை.

கோர்வையும் தனி மீனும்

எம்பொக்ஸை விளக்க எனக்கு மீன் கோர்வைதான் கைக்கு வருகிறது. ஈர்க்கில் மீன்களைக் கோர்த்துவிட்டால் தூக்கிப் போக வசதி. நடுவில் ஒன்றை எடுக்கவேண்டுமென்றால் அதற்குப் பின்னாலுள்ளவற்றையெல்லாம் கழற்றிவிட்டுத் திரும்பக் கோர்க்க வேண்டும். நடுமடல் ஒன்றை அழித்தால் எம்பொக்ஸ் கோப்பை அந்த இடத்திலிருந்து மீண்டும் எழுத வேண்டியதும் அப்படித்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோர்வை அறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் மடலை அழித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் புதிய மடல் வந்தால், இருவர் ஒரே கோப்பை எழுத முனைவார்கள். அதற்காகப் பூட்டு. 'நான் எழுதுகிறேன், பொறு' என்று சொல்லப் பக்கத்திலே ஒரு சிறிய பூட்டுக்கோப்பை உண்டாக்குவது ஒரு வழி, இயங்குதளத்திடமே பூட்டுக் கேட்பது மற்றொரு வழி. ஒரு மென்பொருள் ஒரு வழியையும் மற்றது இன்னொரு வழியையும் பின்பற்றினால் இருவரும் பூட்டியதாக நினைத்துக்கொண்டே ஒருவர் மேல் ஒருவர் எழுதுவார்கள். வட்டு வேறொரு கணினியில் இருந்து வலையின் வழியே வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

1979இல் ரான்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் எழுதிய எம்.எச். என்ற மென்பொருள் கோர்வையைக் கைவிட்டது. ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு. பெயர் வெறும் எண்: 1, 2, 3. அடைவுதான் கோப்புறை. யுனிக்ஸில் ஏற்கெனவே இருந்த தேடும், நகர்த்தும், அழிக்கும் கட்டளைகளே மடலுக்கும் போதும் என்ற சிந்தனை. எண்ணத்தில் அழகானது, ஆனால் அடுத்த எண் எது என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் மறுபடியும் பூட்டுத் தேவைப்பட்டது.

பூட்டே வேண்டாம் என்று சொன்னவர் டேனியல் பேர்ன்ஸ்ரைன். அவருடைய கியூமெயில் வழங்கியோடு 1990களின் நடுவில் வந்தது மெயில்டிர். மூன்று அடைவுகள்: தற்காலிகம், புதியது, நடப்பு. வரும் மடல் முதலில் தற்காலிகத்தில் எழுதப்படும். கடைசி பைட்டு வரை வட்டில் இறங்கிய பின்னரே 'புதியது' என்ற அடைவுக்குள் போகும். அந்த இடமாற்றம் ஒன்று முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது, பாதியில் நிற்காது. கோப்பின் பெயரில் 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிக்கணக்கு, அந்த வேலையைச் செய்த நிரலின் எண், கணினியின் பெயர் ஆகியன இருப்பதால் இரண்டு மடலுக்கு ஒரே பெயர் வராது. வாசித்துவிட்டால் பெயரின் வாலில் ஓரெழுத்து சேரும், பதில் எழுதினால் இன்னோர் எழுத்து. மடலின் உள்ளே கை வைப்பதே இல்லை. 'ஃபிரொம்' வரியும் இல்லை, கோணக்குறியும் இல்லை. வந்தது வந்தபடி கிடக்கும்.

தனி மீனுக்கும் செலவு உண்டு. லினக்ஸ் கோப்பமைப்புகள் பொதுவாக 4096 பைட்டுத் துண்டுகளாகவே இடம் ஒதுக்கும். 'குருநகர் வந்து சேர்ந்தோம்' என்று ஒரு வரி எழுதிய மடலுக்கும் அந்த முழுத் துண்டு போகும். ஆயிரக்கணக்கான மடல் உள்ள அடைவைத் திறக்க நேரமெடுக்கும். 1990களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் சைரஸும், 2002இல் ரிமோ சிரைனன் தொடங்கிய டவ்கொட்டும், மடல்களோடு சேர்த்துத் தனி அட்டவணைக் கோப்புகளைப் பேணி இந்தக் குறையைத் தீர்த்தன. அவற்றின் நுட்பங்கள் நம் கேள்விக்கு அவ்வளவு நெருக்கமானவை அல்ல.

எட்டாவது பிட்

இனித்தான் தமிழின் வலி. ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும். பைட்டில் எட்டாவது பிட் சும்மா கிடந்தது. சும்மா கிடந்ததை மென்பொருள் எழுதியவர்கள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எரிக் ஓல்மன் எழுதி யுனிக்ஸ் உலகின் தபாலகமாகவே விளங்கிய சென்ட்மெயில், அதன் பழைய பதிப்புகளில் அந்த பிட்டைத் தன் உட்குறிப்புக்குப் பயன்படுத்தியது. ஆகவே வழியில் அது உரிந்துபோகும். 1982இன் மடல் விதியும் ஏழு பிட்டைத்தான் உறுதியளித்தது. 1993இல் வந்த சென்ட்மெயிலின் எட்டாம் பதிப்பு அந்த பிட்டை விட்டுவைத்தது, ஆனால் பழைய பதிப்புகள் வழியிலுள்ள கணினிகளில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தன.

இதனால்தான் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை வரைந்த பாமினி, மயிலை போன்ற எழுத்துருக்கள் அக்கால மடலில் உயிர்தப்பின. அவை ஏழு பிட்டுக்குள் அடங்கின. தமிழ்.நெற் என்ற மின்மடற் குழுவைப் பாலா பிள்ளை 1995இல் தொடங்கியபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழர் ஒரே திரையில் தமிழில் பேசினார்கள். திஸ்கி என்ற குறிமுறையின் வடிவமே அத்தகைய மடல்களில் விவாதித்து விவாதித்து எழுந்ததுதான். திஸ்கியில் கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு, மேற்பாதி தமிழுக்கு. ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் எழுத்துரு மாற்றாமல் வரலாம். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னுருவாக்கியபோது திஸ்கி அதற்குத் தோள்கொடுத்தது. ஆனால் மேற்பாதி என்றால் எட்டாவது பிட். அது உரிந்தால் குருநகரின் ஐந்தெழுத்தும் ஐந்து ஆங்கிலக் குப்பையெழுத்தாகும்.

இங்கே என் வாதத்தின் நடுப்புள்ளி. 1992 ஜூனில் நத்தானியேல் போரன்ஸ்ரைனும் நெட் ஃபிரீடும் வெளியிட்ட மைம் விதி, மடலின் தலைப்பில் ஒரு வரிக்கு இடம் தந்தது: இந்த மடல் எந்தக் குறிமுறையில் இருக்கிறது? அந்த வரிதான் திறப்பு. ஆனால் பாமினி மடல் அனுப்பிய மென்பொருளுக்கு அது தமிழென்று தெரியாது. தட்டியது ஆங்கில எழுத்து, ஆகவே ஆங்கிலம் என்று எழுதிவிட்டது. திஸ்கி மடல்கள் மேற்கைரோப்பிய மொழி என்றோ, 'பயனர் வரையறுத்தது' என்றோ போயின. 'பயனர்' யார், அவர் என்ன வரையறுத்தார் என்பது எங்கும் இல்லை. வண்ணமும் எழுத்துருவும் சேர்த்து எழுதிய மடல்களில் மட்டும், எழுத்துருவின் பெயர் உள்ளே குறியாக மிஞ்சியது. இடத்தை மிச்சம்பிடிக்க யாரேனும் அதைச் சாதா உரையாக மாற்றியிருந்தால் அந்தக் கடைசித் தடயமும் துடைபட்டது.

ஒருங்குறியின் உறைகள்

தமிழ் 1991இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றது. 1992 செப்ரெம்பரில் கென் தொம்சனும் ரொப் பைக்கும் யூ.ரி.எஃப்-8 ஐ வகுத்தார்கள். யுனிக்ஸை உருவாக்கிய அதே தொம்சன்தான். எம்பொக்ஸ் போன்ற வரிவரியான கோப்புகள் எதுவும் உடையாமல் உலக எழுத்தெல்லாம் உள்ளே வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆங்கிலம் ஒரு பைட்டிலேயே இருந்தது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. குருநகர் என்ற ஐந்தெழுத்தில் க, உகரக் குறி, ர, உகரக் குறி, ந, க, ர, புள்ளி என எட்டுக் குறியீடுகள். எட்டு மும்மடங்கு இருபத்துநான்கு.

ஏழு பிட்டே நிச்சயம் என்ற பழைய பாதையில் அனுப்ப, மைம் இரண்டு உறைகளைத் தந்தது. கோட்டட்-பிரின்டபிள் எட்டாவது பிட் ஏறிய ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமன்குறியும் இரண்டு எழுத்துமாக விரிக்கும். ஆங்கில மடலில் இடையிடையே வரும் ஐரோப்பிய எழுத்துக்கு அது சிக்கனம், தமிழுக்கோ மும்மடங்குச் சுமை. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். தமிழின் குறியீடு சரியாக மூன்று பைட்டு என்பதால் ஒன்றுக்கு நான்கு என்று கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படிப் பொருந்தி நிற்கும்போது எல்லாத் தமிழ்க் குறியீடும் '4, கே, 6' என்றோ '4, கே, கூட்டற்குறி' என்றோ தொடங்கும். பழைய கோப்பில் இந்த வரிசை அடுக்கடுக்காக வந்தால் அங்கே தமிழ் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத உறையின் மேலேயே தெரியும் கைரேகை இது.

மடலின் தலைப்பில் இடநெருக்கடி இன்னும் அதிகம். அங்கே ஒரு குறியேற்றத் துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. உறையின் செலவு போக, பேஸ்64இல் 15 தமிழ்க் குறியீடுகளே ஒரு துண்டில் அடங்கும். குருநகர் என்று ஒருமுறை எழுதலாம், இரண்டாவது முறை எழுத இடமில்லை. மடற்கோப்புறைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் இன்னொரு வேடம். மடலை வழங்கியிலேயே வைத்து வாசிக்க உதவும் ஐமாப் நெறிமுறை 1996 முதல் கோப்புறைப் பெயர்களுக்கு யூ.ரி.எஃப்-7இன் திருத்திய வடிவத்தைக் கேட்டது. அந்த வழக்கத்தைப் பின்பற்றும் வழங்கியில் 'குருநகர்' என்ற கோப்புறையை உண்டாக்கி, வட்டிலே போய்ப் பார்த்தால் ஓர் 'உம்' குறியில் தொடங்கி ஒரு சிறுகோட்டில் முடியும் 24 எழுத்து அடைவு ஒன்று கிடக்கும். அதில் ஊரின் பெயரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

2010இல் '.இலங்கை' என்ற இணையப் பெயர் கிடைத்தது. 2012இல் முகவரியையும் தலைப்பையும் நேரே யூ.ரி.எஃப்-8இல் எழுத விதி வந்தது இந்த உறைகளின் தேவையைக் குறைத்தது. அப்படி வந்த மடல் மெயில்டிரில் 24 பைட்டாகவே, திறந்தால் தமிழாகவே இருக்கிறது.

தேடுதல்

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகி, ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 வீதி திறந்த பின்னர் அங்கே நெற் கஃபேக்கள் முளைத்தன. ஊரவர் மடல் எழுதத் தொடங்கியது இலவச வலைமடலில். பெட்டி அவர்கள் வட்டில் இல்லை. சில மெகாபைட்டு இடம், சில காலம் எட்டிப் பார்க்காவிட்டால் கணக்கே அழியும். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது எத்தனை பேரால் தவறாமல் எட்டிப் பார்க்க முடிந்திருக்கும் என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஆதலால் ஊரிலிருந்து போன மடலும் பெரும்பாலும் மறுமுனையில், பெற்றவரின் கோப்பில் இருந்தால்தான் உண்டு.

அத்தகைய கோப்பு ஒன்று கைக்கு வந்தால் எப்படி அணுகுவது? ஈழத்து ஆவணங்களை 2005 முதல் திரட்டிவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றுக்கு நூலும் இதழும் பழகியவை. மடற்கோப்பும் அதே அக்கறைக்கு உரியது. மூலக் கோப்பில் ஒரு பைட்டும் மாற்றாமல் படி எடுத்து, படியில்தான் வேலை செய்ய வேண்டும். கிரெப் என்ற யுனிக்ஸ் தேடுகருவியில் 'குருநகர்' என்று ஒருங்குறியில் தட்டினால், உறையில்லாத மடல்கள் மட்டுமே அகப்படும். பேஸ்64இல் அந்தச் சொல்லுக்கு ஓருருவம் இல்லை, மூன்று உருவம். முன்னால் வரும் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் ஒவ்வொரு பைட்டு என்பதால், மும்மூன்றாக எண்ணும் கணக்கு நழுவி, அதே சொல் வேறு எழுத்துகளாக வெளிப்படும். போதாததற்கு 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முறியும். உறையைப் பிரித்த பின்னரே தேட வேண்டும்.

பாமினிக்கு மாற்றிகள் உண்டு. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி புலம்பெயர்ந்தோர் பலரின் கைப்பழக்கமாகவே இருந்தது. மாற்றும்போது எழுத்து வரிசையும் கவனிக்கப்பட வேண்டும். பாமினியும் திஸ்கியும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பவை. அயலூரான கொழும்புத்துறையைப் பாமினியில் எழுதினால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். கடைசியிலும் ஐகாரக் குறி வந்த பின்னரே ற வரும். ஒருங்குறிக்கு இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். குருநகரில் அந்தச் சிக்கல் இல்லை.

தலைப்பு பொய் சொல்லி, எழுத்துருவின் பெயரும் துடைபட்ட மடலில் பாமினியைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. பாமினியில் புள்ளிக்கு ஆங்கில அரைப்புள்ளியைத் தட்ட வேண்டும். ஆங்கிலம் என்று முத்திரையிட்ட மடலில் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி கிடந்தால், அங்கே யாரோ தமிழில் எழுதியிருக்கிறார். குருநகர் என்ற பெயர் மட்டும் இதற்கு நழுவும், ஏனெனில் ர் என்ற மெய்க்குப் பாமினி பெரிய எச் என்ற தனிச் சாவியைக் கொடுத்திருந்தது. சிலர் அதைப் பயன்படுத்தினார்கள், சிலர் ரகரமும் அரைப்புள்ளியுமாகவே தட்டினார்கள். குருநகரில், குருநகருக்கு, குருநகரான் என்று வேற்றுமையும் விகுதியும் ஏறினால் முடிவு இன்னும் மாறும். மாறாதது முதல் நான்கு பைட்டு: பெரிய எஃப், பெரிய யூ, சிறிய ஈ, சிறிய எஃப். எழுத்தின் பெரிது சிறிது பார்த்துத் தேடும்படி கிரெப்பிடம் சொல்லி இந்த நான்கையும் கொடுத்தால், படங்களைச் சுமந்த பேஸ்64 பகுதிகளில் தற்செயலாக விழும் சிலவற்றைத் தவிர, வருகிற ஒவ்வொரு வரியிலும் ஊரின் பெயர் இருக்கும்.